மூச்சு வாங்கும் இடம்

ஓரிக்கை பேருந்தில் இன்று பக்கத்தில் உட்கார்ந்தவர் வாயில் லவங்கம் அடக்கியிருந்தார். அந்த வாசம் பட்டதும் நீதானோ என்று திரும்பிவிட்டேன். பாடுவதற்கு முன் நீயும் இப்படி ஒன்றை அடக்கிக்கொண்டு என்னைச் சந்தேகமாகப் பார்ப்பாய்.

சந்தேகம் நியாயமானதுதான். ஃபிளமெங்கோ என்ற ஸ்பெயின் நாட்டு இசையில், பாடுகிறவருக்குத் துணையாகக் கிட்டார் வாசிப்பதைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய இரண்டு புத்தகங்களை வைத்து நானே கற்றுக்கொண்டிருந்தேன். பாட ஓர் ஆள் வேண்டுமே. நன்னா என்று நீ அழைக்கும் உன் தாத்தாவின் பாட்டுகளை நீ பாடுவாய். மதியம் வியாபாரம் மந்தமாக இருக்கும் நேரத்தில் உன் சரிகைக் கடை மாடிக்கு வந்தேன்.

"எங்க நன்னா பாடுன பாட்டுக்கு ஸ்பெயின்காரன் புஸ்தகத்தப் பாத்துக்கினு வாசிக்கப் போறியா? உருப்பட்ட மாதிரிதான்பா" என்றாய். கைபேசியில் அந்த நாட்டுப் பாடகர் ஒருவரைப் போட்டுக் காட்டினேன். "இன்னாபா இவன், எங்க நன்னா மாதிரியே இழுக்கிறான்!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாய்.

வாசிக்கிறவனுக்குப் புத்தகம் சொன்னது இது: உன் விரலைப் பார்க்காதே, பாடுகிறவரின் வாயைப் பார். அவர் இழுத்தால் விரலை மாற்றாமல் அதே சுரக்கூட்டில் காத்திரு. அவர் முடித்ததும் சுருக்கமாகப் பதில் சொல். சாரம் அவ்வளவுதான். அப்படிப் பார்த்துப் பார்த்தே உன் மூச்சு எனக்கு மனப்பாடமாயிற்று. எந்த வரியில் எங்கே மூச்சு எடுப்பாய் என்பது உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

கோடை தொடங்கிய சமயத்தில் அந்த இடங்கள் மாறின. வரி முடியும் முன்பே உன் தோள் ஏறியது. கேட்டால், "வேணும்னேதான் ஒடைக்கிறேன். நீ புடிக்கிறியான்னு பாக்கிறேன்" என்றாய். நான் நம்பவில்லை. மாடிப்படி நடுவிலும் நிற்க ஆரம்பித்தாய். கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு "உம், உம்" என்பாய். ஒருநாள் கீழே நின்றபடி உன் எண்ணுக்கு அடித்தேன். உன் காதிலேயே மணி அடித்தது.

அன்றே உன் மனைவியிடம் சொன்னேன். அவர் உன்னை அழைத்துப்போன மருத்துவமனையில், உன் இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். "வேவு பாக்கத்தான் கிட்டார் கத்துக்கினியா?" என்று கேட்ட நீ, பல வாரம் என்னோடு பேசவில்லை.

பிறகு நீயே கூப்பிட்டாய். இந்த முறை வரிகளுக்கு நடுவே நான் நீளமாக வாசித்தேன். நீ கையைக் காட்டி நிறுத்தினாய்.

"இவ்ளோ நீளம் புஸ்தகத்துல போட்டிருக்குதா?"

"ஆமா."

"காட்டு."

புத்தகம் எதிரிலேயே இருந்தது. நீயே எடுத்துப் பக்கங்களைப் புரட்டினாய். என் முகத்தைப் பார்த்தாய். மூடி வைத்துவிட்டு, "சரி, வாசி. முடிச்சிட்டு சொல்லு, பாடுறேன்" என்றாய்.

மழைக்காலத்தில் போய்விட்டாய். அதற்கு முந்தின வாரம்வரை பாடினாய்.

இப்போது எங்கள் சர்ச்சில் பாடுகிறவர்களுக்கு வாசிக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, தனியாகப் பாடிய ஒரு பெண் வரியின் நடுவில் மூச்சு எடுத்தாள். ஆராதனை முடிந்ததும் போய் விசாரித்தேன். "சளிண்ணா, வேற ஒண்ணும் இல்ல" என்று சிரித்தாள்.

நான் நம்பவில்லை. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.