தேநீர் வீட்டுப் படங்களில் நீங்கள்

மா போட்டுவைக்கும் பேணியை எடுக்கப்போனபோது, அதன் பின்னால் கிடந்த, ஜப்பானில் வாங்கிய பச்சைத் தேயிலைப் பக்கெற் கையில் வந்தது. திறந்ததும் வெட்டிய புல்லின் மணம். உண்மையைச் சொன்னால், எனக்கு உங்கள்மேல் ஆத்திரம்தான் வந்தது.

நீங்கள் கண்மூடிய முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவு மலருக்கு உங்களுடைய நல்ல படம் ஒன்று வேண்டும். நேற்று மகள் நம் ஜப்பான் பயணத்துப் படங்களை ஒன்றுவிடாமல் பார்த்தாள். "அம்மா, சீரியஸ்லி? அப்பா எங்க? எல்லாத்திலயும் நீங்கதான்" என்றாள். சாரதி அனுமதிப்பத்திரப் படத்தைப் போடலாம் என்கிறார் உங்கள் தம்பி. அதில் நீங்கள் பொலிசில் பிடிபட்டவர் மாதிரி முழிக்கிறீர்கள்.

கியோட்டோ மலைச்சரிவில் இருந்த அந்தப் பழைய தேநீர் வீடு. எத்தனையோ தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்துகிறதாம். சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பாய் விரித்த அறைக்குள் போனோம். கீழே ஆறு, எதிரே மலை முழுக்கச் சிவந்த மேப்பிள். கனடா முழுக்க இருக்கிற மேப்பிளைப் பார்க்கவா ரொறொன்ரோக்காரர் இவ்வளவு தூரம் வந்தோம் என்று நான் பகிடி பண்ணினேன்.

கிமோனோ உடுத்திய அம்மா ஒருவர் இரண்டு கோப்பைகளைக் குனிந்து வைத்தார். நீங்கள் வந்து பாயில் இருந்தால்தானே! கைபேசியும் கையுமாக வாசலில் நின்றீர்கள்.

"கொஞ்சம் அங்காலை தள்ளி இரும். இஞ்சை பாரும். பொறும், இன்னும் ஒண்டு."

"தேத்தண்ணி ஆறுது, வந்து இருங்கோவன்!"

இரண்டு பேரையும் சேர்த்து எடுத்துத் தரவா என்று அந்த அம்மா சைகையால் கேட்டார். நீங்களோ அவரைக் கும்பிட்டு மறுத்துவிட்டு, "என்ர மூஞ்சையை ஆர் பாக்கிறது?" என்றீர்கள்.

ஆர் பார்க்கிறதா? நான்தான் பார்ப்பேன். வேறு ஆர்? ஒரு நிமிடம் வந்து பக்கத்தில் இருந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

இன்று அந்தத் தேயிலையைப் போட்டேன். பால் இல்லை, சீனி இல்லை, ஒரே கைப்பு. குடித்தபடி படங்களைத் திரும்பவும் பார்த்தேன். ஆறும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை, எல்லாவற்றையும் நானே மறைத்துக்கொண்டு இருக்கிறேன். ஒன்றிலாவது சிரிக்கிறேனா என்றால் அதுவும் இல்லை. வாயைத் திறந்து உங்களை ஏசுகிறேன், இல்லாவிட்டால் முறைக்கிறேன்.

நினைவு மலருக்கு உங்கள் தம்பி சொன்ன படத்தையே போடட்டும். தேநீர் வீட்டுப் படங்கள் என்னிடம் இருக்கட்டும். அவற்றில் நான் எங்கே பார்த்து முறைக்கிறேனோ, அங்கேதான் நீங்கள் நிற்கிறீர்கள்.