பாஸ்டருக்கு ஏது எம்.சி.?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தேக்கா மார்க்கெட்டில் மீன் கடை முன்னால் ஈரப் பையோடு நிற்கிறேன், பாக்கியலட்சுமி சிஸ்டர் வந்து வழியை மறித்துக்கொண்டார். “என்ன சிஸ்டர், ஐயா எங்க வீட்டுப் பக்கமே வர்றதில்ல? மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்து ஒரு வாரமாச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்தாரு, சரி. வீட்டுக்கும் வரணும்ல?”

ஆஸ்பத்திரிக்குப் போனது கணக்கிலேயே இல்லையாம். நான் சிரித்தேன். போதகர் மனைவி வேறென்ன செய்ய முடியும்? வீட்டுக்கு வந்து அந்த மீனை வெட்டிய வெட்டில் முள்ளும் சதையும் ஒன்றாகிவிட்டது.

சபையில் யாரிடமும் வாய் திறக்க முடியாது. எதைச் சொன்னாலும் அது ஜெபக் குறிப்பாகி, பொழுது சாய்வதற்குள் எல்லோர் போனிலும் இருக்கும். அதனால் இந்த நோட்டிலேயே கொட்டிக்கொள்கிறேன்.

இந்த மாதம் சபையில் ‘முழு சுக மாதம்’. மண்டபத்தில் பெரிய பேனர்: ஆவி, ஆத்துமா, சரீரம், மூன்றும் நலமாக இருக்க வேண்டுமாம். சனிக்கிழமை காலையில் காலாங் ஆற்றோரம் நடை. புதன்கிழமை உபவாச ஜெபம். வெள்ளிக்கிழமை மனநலக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை இதைப் பற்றியே பிரசங்கம். எல்லாவற்றையும் நடத்துவது ஒரே ஆள், என் வீட்டுக்காரர், பாஸ்டர் அருள்நேசன். வழக்கமான வேலைகள் அப்படியே இருக்கின்றன. ஊர் உடம்பைப் பார்த்துக்கொண்டு அலைகிறவருக்குச் சட்டை தோளிலிருந்து தொங்குகிறது.

ஆகஸ்ட் 6, புதன்

இவர் நேற்றும் தூங்கவில்லை. கேட்டால், “ஜெபிச்சிட்டு இருந்தேன்” என்கிறார். ஜெபிக்கிறவர் எதற்குச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் இரத்த அழுத்தப் பரிசோதனை. நம் சபை அனிதா நர்ஸாக இருக்கிறாள், அவள்தான் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் வரிசையாகக் கையை நீட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். கடைசியில் ஒரு விளையாட்டுக்கு இவரும் நீட்டினார். அனிதா ஒரு தடவை பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். கையை மாற்றிப் பார்த்தாள்.

“ஐயா, கொஞ்சம் உக்காருங்க. பேசாதீங்க.”

“மெஷின் கோளாறும்மா. பிரசங்கம் பண்ணிட்டு வந்திருக்கேன்ல” என்று சிரித்துவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்து போய்விட்டார். அனிதா என்னைத் தேடி சமையல்கட்டுக்கு வந்தாள். “ஆன்ட்டி, நாளைக்கே பாலிகிளினிக் கூட்டிட்டுப் போங்க. நான் சும்மா சொல்லல.”

வீட்டில் சொன்னேன். மாதம் முடியட்டும் என்கிறார். எந்த மாதம்? இந்த முழு சுக மாதம்! சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?

ஆகஸ்ட் 13, புதன்



மண்டபத்துக் கதவுக்குக் கீல் வாங்க ஜாலான் புசார் போனார். கதவுக் கீல் வாங்குவதும் போதகர் வேலைதான், கேட்க வேண்டாம். பதினோரு மணிவாக்கில் இவர் எண்ணிலிருந்தே போன் வந்தது. பேசியது ஹார்ட்வேர் கடை ரிஸ்வான். “அக்கா, பதறாதீங்க. ஐயாவுக்கு அடி கிடி ஒண்ணும் படல. நம்ம கடை வாசல்ல பெயின்ட் டின் மேல உக்காந்து அழுதுட்டு இருக்காரு. என்ன வாங்க வந்தேன்னு மறந்துபோச்சுங்கறாரு. நீங்க வந்து கூட்டிட்டுப் போங்கக்கா.”

டாக்சியில் போனேன். ரிஸ்வான் கடையின் இரும்புக் கதவைப் பாதி இறக்கி, தெருவில் போகிறவர்கள் கண்ணில் படாதபடி இவரை உள்ளே உட்கார வைத்திருந்தார். தே-ஓ, பால் விடாத தேநீர், வாங்கிக் கொடுத்திருந்தார். எதுவுமே கேட்கவில்லை. இருபத்தாறு வருஷமாக இவர் பார்த்துக்கொள்கிற ஜனத்தில் ஒருவருக்கும் தோன்றாதது ஒரு ஆணிக் கடைக்காரருக்குத் தோன்றியிருக்கிறது.

என் முகத்தைப் பார்த்ததும், “ரஞ்சி, சாயங்காலம் உபவாச ஜெபம் இருக்கே” என்றார். கையைப் பிடித்து டாக்சியில் ஏற்றினேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பாலிகிளினிக். டாக்டர் சின்னப் பெண், சீனப் பெண். நிதானமாகக் கேட்டாள். வாரத்தில் ஓய்வு நாள் எது? “திங்கட்கிழமை” என்றார் இவர். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். டாக்டர் என்னைப் பார்த்தாள். சரி, போன திங்கட்கிழமை என்ன செய்தீர்கள்? இவர் யோசித்து யோசித்துச் சொன்னார்: காலையில் மண்டாயில் ஒரு தகனம், மதியம் கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைகளுக்குப் போதனை, சாயங்காலம் ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை. சொல்லும்போதே குரல் தேய்ந்துவிட்டது.

இரத்த அழுத்தம், கூடவே மனச்சோர்வு. இரண்டுக்கும் மாத்திரை. ஒரு மாதம் எந்த வேலையும் கூடாது என்று எம்.சி. எழுதிக் கொடுத்தாள். இவர் அந்த மருத்துவ விடுப்புச் சீட்டைத் தன் வாழ்நாளில் பார்த்திராத பொருள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். இதை யாரிடம் கொடுப்பது என்று என்னைக் கேட்டார்.

நான் கொடுக்கிறேன்.

ஆகஸ்ட் 16, சனி

கொடுத்தேன். சபைச் செயலாளர் செல்வதுரை வீட்டுக்கே போய்க் கொடுத்தேன். மனுஷன் தஞ்சோங் பகாரில் பெரிய கம்பெனியில் மனிதவள மேலாளர். எத்தனையோ பேருடைய எம்.சி.யைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர். அவர் இதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

“பாஸ்டருக்கு ஏது சிஸ்டர் எம்.சி.? இதுவரைக்கும் யாரும் குடுத்ததில்லையே. அவர் ஆண்டவருக்குல்ல வேலை செய்றாரு.”

“அப்ப ஆண்டவர்கிட்ட குடுத்துட்டு வரவா பிரதர்?”

சிரித்து மழுப்பினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பிரஷர்னு சொல்லிக்கலாம். இந்த மனசு விஷயம் மட்டும் வெளிய போக வேணாம். ஊருக்கே ஜெபிக்கிறவருக்கு இப்படின்னா, ஜனங்க விசுவாசம் என்னாகும்?”

“மனச்சோர்வு வெட்கப்படற விஷயமில்லைன்னு நேத்து ராத்திரி நம்ம ஹால்ல கூட்டம் போட்டீங்களே?”

“அது சபைக்கு, சிஸ்டர்.”

அது சபைக்காம்! அப்போ இவர் யாரு? மண்டபத்துல மாட்டி வச்ச ஃபேனா? சுத்திக்கிட்டே இருக்கணுமா? ஆண்டவரே புயலில் படகுக்குள் படுத்துத் தூங்கியிருக்கிறார். அவருடைய ஊழியக்காரன் கண்ணை மூடினால் மட்டும் விசுவாசம் கவிழ்ந்துவிடுமா?

கடைசியில், கமிட்டியில் பேசிப் பார்க்கிறேன் என்றார். ஆகஸ்ட் முடியும் வரைக்கும் வெளியிலிருந்து பிரசங்கியார்களை அழைப்பார்களாம். அதற்கு மேல் ஜெபத்தோடு முடிவு செய்வார்களாம்.

ஆகஸ்ட் 20, புதன்

எழுதினால்தான் ஆறும்.

சாயங்காலம் மணி அடித்தது. இரும்புக் கேட்டுக்கு வெளியே ஜெபக் குழு, தாழ்வாரம் கொள்ளாத கூட்டம். “ஐயாவுக்கு நல்ல ஓய்வு கிடைக்கணும்னு ஜெபிக்க வந்தோம் சிஸ்டர்.” ஓய்வு கிடைக்கணும்னு! நான் அப்போதுதான் இவரைக் கட்டிலில் சாய வைத்திருந்தேன். இது சபை கொடுத்த வீடு. அதனால் உள்ளே வரலாமா என்று கேட்கிற வழக்கம் யாருக்கும் கிடையாது.

இவர் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கஞ்சிரா தட்டிப் பாட்டு. காலையிலிருந்து தலைவலி என்று சொன்ன மனுஷன் தலைமேல் ஆளாளுக்குக் கையை வைத்து அழுத்துகிறார்கள். சோர்வின் ஆவியே விலகிப் போ என்று ஒருவர் அதட்டுகிறார். சோர்வு எந்த ஆவியாலும் வரவில்லை, ஐயா. நீங்கள் எல்லோரும் மாற்றி மாற்றிப் போன் போட்டதால் வந்தது! சமையல்கட்டில் எல்லோருக்கும் தேநீர் ஆற்றிக்கொண்டே இதை மனசுக்குள் கத்தினேன்.

கிளம்பும்போது மேசைமேல் இருந்த மாத்திரையைப் பாக்கியலட்சுமி சிஸ்டர் பார்த்துவிட்டார். “இதெல்லாம் எதுக்கு ஐயா உங்களுக்கு? விசுவாசம் போதாதா?” கேட்கிறவர் கைப்பையில் சர்க்கரை மாத்திரை இருக்கிறது. சபைச் சாப்பாட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் வாயில் போட்டுக்கொள்வார். சர்க்கரைக்கு என்றால் வைத்தியம், மனசுக்கு என்றால் அவிசுவாசமா?

எல்லோரும் போன பிறகு இவர் வந்து என்னோடு கோப்பை கழுவினார். 

ஆகஸ்ட் 21, வியாழன்

மாத்திரை போடல. “அவங்க சொல்றதிலயும் ஒரு இது இருக்குல்ல, ரஞ்சி” என்கிறார்.

போதும். எனக்கு இதுக்குமேல முடியாது. இந்த ஆளு செத்தா பெருசா மலர்வளையம் வாங்கி வைப்பாங்க, பக்கம் பக்கமா சாட்சி சொல்வாங்க, அப்புறம் அடுத்த பாஸ்டரைத் தேடுவாங்க. எனக்கு யாரு இருக்கா?

சபை வாட்ஸப் குழுவில் நானே எழுதிப் போட்டுவிட்டேன். “ஐயாவுக்கு இரத்த அழுத்தம், மனச்சோர்வு. மருத்துவர் ஓய்வு கொடுத்திருக்கிறார். மாத்திரை சாப்பிடுகிறார், இனியும் சாப்பிடுவார். தயவுசெய்து வீட்டுக்கு வர வேண்டாம், போன் செய்ய வேண்டாம். உங்கள் வீட்டிலிருந்தே ஜெபியுங்கள், அங்கிருந்தும் ஆண்டவருக்குக் கேட்கும். ரஞ்சிதம் அருள்நேசன்.”

படித்தவர்கள் பட்டியல் நீண்டுகொண்டே போனது.  பிறகு செல்வதுரை போன். “சபை வீட்டுக்குச் சபை ஜனங்க வரக்கூடாதுன்னா எப்படி சிஸ்டர்? கமிட்டி இதை லேசா எடுத்துக்காது.”

“சாவி வேணும்னா சொல்லுங்க பிரதர், குடுத்திடறேன். இவரைக் குடுக்க மாட்டேன்.”

வைத்துவிட்டேன். பிறகுதான் பயம் வந்தது. இந்த வயதில் எந்த வீட்டுக்குப் போவோம்?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தனியாகத்தான் ஆராதனைக்குப் போனேன். என் வழக்கமான முதல் வரிசையில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அனிதா மட்டும் போகிற போக்கில் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

வீடு திரும்பினால் கேட்டில் ஒரு பை தொங்குகிறது. ரசமும் பருப்புத் துவையலும். மேலே ஒரு சீட்டு: மணி அடிக்கல சிஸ்டர், பாக்கியலட்சுமி. யார்மேல் கோபமாக இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டு வைத்திருந்தேனோ அவர்! ரசம் நன்றாக வேறு இருந்தது. இவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், அதன் பின்னாலேயே மாத்திரையையும் போட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் 27, புதன்

இன்று துணி மடித்துக்கொண்டிருக்கும்போது தானாகவே சொன்னார்.

“ஜெபிக்க உக்காந்தா வார்த்தையே வர மாட்டேங்குது, ரஞ்சி. ஏப்ரல்லேர்ந்து. ஆஸ்பத்திரியில யார் தலையிலயாவது கை வச்சா பழக்கத்துல வாய் பேசுது. தனியா உக்காந்தா ஒண்ணுமே இல்ல. இதை நான் யார்கிட்ட போய் சொல்வேன்?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்கிட்டயா? ஒரே கட்டில்ல படுத்திருக்கேனே, நான் யாரு? ஏப்ரல்லேர்ந்து இதைச் சுமந்துக்கிட்டு அந்த மேடைல ஏறி நின்னீங்களா? நன்றாகத் திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன். அவரும் அழுதார். பிறகு, “சரி, உங்களுக்கு வரலேன்னா வரல. இப்போதைக்கு நான் ஜெபிக்கிறேன், நீங்க சும்மா இருங்க” என்றேன். பெரிய ஜெபம் ஒன்றும் இல்லை. இவரைத் தூங்க வையும் ஆண்டவரே என்று மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் 30, சனி

மத்தியானம் செல்வதுரை போன். நாளைக்கு வர வேண்டிய பிரசங்கியாருக்குக் காய்ச்சலாம். “அரை மணி நேரம் ஐயா, அதுக்கு மேல வேணாம். மாதத்துக் கடைசி ஞாயிறு, மேடை காலியா இருந்தா நல்லா இருக்காது.”

நான் கரண்டியும் கையுமாக அடுப்படி வாசலில் நின்றேன். சரி பிரதர், வர்றேன் என்றுதான் சொல்லப் போகிறார். இத்தனை வருஷமாக வேறு எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார். அப்புறம், “இல்ல பிரதர். என்னால முடியாது. உடம்பும் சரியில்ல, மனசும் சரியில்ல. நீங்களே ரெண்டு வார்த்தை பேசுங்க, நான் வந்து உக்காந்து கேக்கறேன்.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “தீயற வாசனை வருது” என்றார். கத்தரிக்காய் கரிக்கட்டை. போகட்டும்!

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இன்றுதான் ஆராதனையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கே உட்காருவது என்று தெரியாமல் தடுமாறினார். நான்தான் கையைப் பிடித்துக் கடைசி வரிசைக்குக் கூட்டிப் போனேன். பாட்டில் இவர் குரல் இவ்வளவு பிசகும் என்று எனக்கு இதுவரை தெரியாது. மேடையில் மைக்கைத் தள்ளி வைத்துக்கொண்டு பாடுவார் போலிருக்கிறது.

செல்வதுரை பேச எழுந்தார். வேர்த்துக் கொட்டியது. கம்பெனிக் கூட்டத்தில் பேசுகிற மாதிரி ஆரம்பித்து, எங்கேயோ போய், தாளைத் தவறவிட்டு, பொறுக்கி எடுத்தார். மேடை ஒன்றும் இடிந்து விழவில்லை.

பாதியில் என் தோளில் பாரம் இறங்கியது. தூங்கிவிட்டார். வாயைத் திறந்துகொண்டு, குறட்டையோடு, அசலான தூக்கம்! எழுப்பலாமா என்று கை போனது. எழுப்பவில்லை. முன்வரிசைகளில் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. திரும்பிப் பார்த்த பாக்கியலட்சுமி சிஸ்டர், தன் பக்கத்தில் கிசுகிசுத்தவரை ஒரு முறை முறைத்தார். செல்வதுரை நிறுத்தினார், எங்கள் பக்கம் பார்த்தார், மைக்கை அணைத்துவிட்டு மீதியை வெறும் குரலில் பேசி முடித்தார்.

கடைசிப் பாட்டைக் கைதட்டு இல்லாமல், தாலாட்டுக்குப் பாடுகிற மாதிரி பாடினார்கள். வழக்கமாக ஆமென் சொன்ன கையோடு நாற்காலிகளை மடக்கி அடுக்குகிற சத்தம் கூரையைப் பிளக்கும். இன்று ஒருவரும் மடக்கவில்லை.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு செல்வதுரை வந்து நின்றார். நான் எழுப்பப் போனேன். கையைக் காட்டித் தடுத்தார்.

“தூங்கட்டும் சிஸ்டர். ஹால் சாவி என்கிட்டதான் இருக்கு. நான் இருக்கேன்.”

போய் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்துகொண்டார். என் கோபம் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் தலையாட்டினேன்.