கோழி விசில் அடித்த குருவி

அன்புள்ள வினார்சி,

நீயும் அத்தையும் நலம்தானே? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, எரிச்சல்தான்.

நம் முராய்க் குருவியை ஜகார்த்தா குருவிப் பாட்டுப் போட்டிக்குக் கொண்டுபோனேன். கூண்டுத் துணியை விலக்கியதும், கோழிகளைக் கூப்பிட நீ அடிக்கும் விசிலை அப்படியே அடித்தது.

"கோழிக்கூட்டுப் பக்கமாய்யா தொங்கவிட்டு வளர்த்தே?" என்று சிரித்தபடி நடுவர் வெளியேற்றிவிட்டார். யாரோ அதை வீடியோ எடுத்துப் பரப்ப, நகரமே இப்போது என் அறை வாசலில் நிற்கிறது.

"அண்ணே, அந்தக் கோழி விசில் ஒண்ணு!" என்று கூண்டைத் தட்டுகிறார்கள், தடியன்கள்! விரட்டி விரட்டி என் தொண்டை கட்டிவிட்டது. மிரண்டுபோன குருவி வாயே திறப்பதில்லை.

கூண்டை மூட நீ உடுத்திய பழைய சாரோங் துணி ஒன்று அனுப்பு. பட்டறைக்கு நேரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் அந்த விசிலைக் கொஞ்சம் நீளமாகவே அடி. குருவிக்காகத்தான் கேட்கிறேன்.

போனிரான்