குண்டடத்துப் பக்கத்தின் மறுபுறம்

இன்று காலை பழைய குறிப்பேடு ஒன்றைப் பிரித்தேன். பழனி விபூதியின் மணம் இன்னும் போகவில்லை. நீங்கள் உள்ளே செருகிவைத்த பொட்டலம் கிழிந்து, ஒரே ஒரு தாளில் மட்டும் தூள் படிந்திருந்தது. நான் தேடியதும் அந்தத் தாளைத்தான்.

உங்கள் கட்டடத்துச் சுவரில் வங்கி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. கீழே தையல் மெஷின்கள், மேலே நீங்கள் குடியிருந்த வீடு, இரண்டும் கம்பெனியின் பெயரில். கம்பெனி வாங்கிய கடனுக்கு அதுதான் அடமானமாம், ஏலம் விடப்போகிறார்களாம். நீங்கள் காலமான பிறகு மாடியில் உங்கள் வீட்டம்மா மட்டும் இருக்கிறார்.

கடன் வாங்க இயக்குநர்கள் கூடித் தீர்மானம் போட வேண்டும். இருந்த இயக்குநர்கள் நீங்களும் உங்கள் தம்பியும்தான். தீர்மானத்தில் உள்ள தேதியன்று நீங்கள் என்னோடு பழனிக்கு நடந்துகொண்டிருந்தீர்கள். ஆகவே கூட்டமே நடக்கவில்லை, அந்தக் கடன் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது என்கிறார் உங்கள் வீட்டம்மாவின் வக்கீல். கையெழுத்து உங்களுடையது, அறைக்குள் உட்கார்ந்து பேசினார்களா என்று பார்ப்பது வங்கியின் வேலையில்லை என்கிறார் வங்கியின் வக்கீல். இரண்டும் எனக்குச் சரியாகவே படுகின்றன. பத்திரிகையில் கம்பெனி வழக்குகளைப் பற்றி எழுதியே தலை நரைத்தவன் நான். இப்படித் திகைத்ததில்லை.

நாம் கிளம்பிய காலை நினைவிருக்கிறது. மாலை போடுவதற்கு முன் உங்கள் மேஜையில் உட்கார்ந்து, தம்பி நீட்டிய தாள்களில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டீர்கள். வருடாவருடம் அதுதான் வழக்கம் என்றீர்கள். மாலை போட்டுவிட்டால் மலையிறங்கும்வரை வியாபாரத்துக்கென்று பேனாவைத் தொடமாட்டீர்கள். படித்துப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன்.

"படிக்கறதுக்கு அதுல என்னங்க இருக்குது?" என்று சிரித்தீர்கள். எல்லாம் வெற்றுத் தாள்கள். நானும் சிரித்தேன். பதினொன்று என்று எண்ணி, எழுதிக்கொண்டேன்.

அவிநாசிபாளையத்தில் டீ குடிக்கும்போது என் குறிப்பேட்டைப் பிடுங்கிப் பார்த்துக் கேலி செய்தீர்கள். "நான் சொல்றதயெல்லாம் எழுதாதீங்க. பாக்கறத எழுதுங்க."

மறுநாள் குண்டடத்தில் உங்கள் குதிகாலில் கொப்புளம் உடைந்தது. சாலையோரம் உட்காரவைத்துத் துணி சுற்றிக்கொண்டிருந்தேன். அப்போது தம்பியிடமிருந்து போன் வந்தது. வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். கடைசியில், "சரி, நீயே பாத்துக்க" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அன்றைய தேதிதான் தீர்மானத்தில் இருக்கிறது. அவர் உங்களிடம் என்ன கேட்டார்? அடமானம் என்று சொன்னாரா? இல்லை, நூல் லாரி வரவில்லை என்று மட்டும் சொன்னாரா? தம்பி இப்போது யாருடைய போனையும் எடுப்பதில்லை.

மத்தியானம் மாடிக்குப் போய் உங்கள் வீட்டம்மாவுக்கு அந்தத் தாளைப் படித்துக் காட்டினேன். ஒரு பக்கத்தில் வெற்றுத் தாள்களும் அவிநாசிபாளையமும், மறுபக்கத்தில் குண்டடம், கொப்புளம், போன். தாளை வாங்கி இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார்.

"அண்ணா, குண்டடத்துப் பக்கத்த மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தாப் போதுமுங்களே?"

பிறகு அவரே, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அவரு தெரிஞ்சுதான் போட்டாருங்களா?"

தெரியவில்லை என்றேன். அது உண்மை. மற்றப் பக்கத்தைக் காட்டினால் வெற்றுத் தாளைத் தம்பி தன் இஷ்டத்துக்கு நிரப்பினார் என்றாகி வீடு மிஞ்சுமா, நீங்களே மனசாரக் கொடுத்தீர்கள் என்றாகிப் போய்விடுமா? அதுவும் தெரியவில்லை.

ஜெராக்ஸ் கடைக்காரர் தாளைப் புரட்டி, "ரெண்டு பக்கமுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்வதற்கு எனக்குச் சற்று நேரம் பிடித்தது. கண்ணாடியில் உதிர்ந்த விபூதியை அவர் விரலால் வழித்து, கீழே தட்ட மனமில்லாமல் நெற்றியில் பூசிக்கொண்டார். பிரதிகளை உங்கள் தரப்பு வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு பக்கமும் கொடுத்திருப்பதை உங்கள் வீட்டம்மாவிடம் நாளை நானே போய்ச் சொல்ல வேண்டும்.

பார்ப்பதை எழுதச் சொன்னீர்கள். தேதி இருக்கிறது, ஊர் இருக்கிறது, தாள்களின் எண்ணிக்கை இருக்கிறது. "நீயே பாத்துக்க" என்று நீங்கள் சொன்னபோது உங்கள் முகம் எப்படி இருந்தது என்பது மட்டும் அதில் இல்லை. நான் குனிந்து உங்கள் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.