முகம் மட்டும் உன்னுடையது

நீ நடித்துக்கொண்டிருந்த சீரியலை நேற்றுச் சாயங்காலம் மறுபடி தொடங்கினார்கள். உன் கீரைக்காரி வேடத்தில், உன் கூடையைத் தூக்கிக்கொண்டு வேறொருத்தி வந்தாள். திரையின் கீழே 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்து வந்தது. நீ போய்விட்ட சேதி கேட்டபோது வராத அழுகை அப்போது வந்தது. அந்த அம்மாள் மேல் குறையொன்றும் இல்லை, நன்றாகத்தான் செய்கிறாள். ஆனாலும் டிவியை அணைத்துவிட்டேன்.

நம் நாடகக் குழுவில் நீ ராணி, நான் தோழி. திருவிழா மேடைகளில் மைக் மக்கர் பண்ணாத நாளே கிடையாது. எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நீயோ மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, "கடைசியில குந்தியிருக்கிற அண்ணனுக்குக் கேக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வசனத்தையே தொடங்குவாய். அங்கிருந்து விசில் வரும்.

நான் கல்யாணமாகிக் காரிமங்கலத்துக்கு வந்துவிட்டேன். நீ பொம்மிடியில் ரயிலேறிச் சென்னைக்குப் போனாய். முதல் படப்பிடிப்பில், மேடைப் பழக்கத்தில், சுருதி வாங்க ஆர்மோனியக்காரர் உட்காரும் பக்கம் திரும்பினாயாம். "அங்க யாரும்மா இருக்காங்க?" என்று டைரக்டர் கேட்டாராம். நீ சொல்லச் சொல்ல எனக்குச் சிரித்து வயிறு வலித்தது.

அந்தப் படத்தைத் தருமபுரியில் சேர்ந்து பார்த்தோம். கதாநாயகனின் அம்மாவாக வாசலில் நின்று, மகனைச் சோற்றுக்குக் கூப்பிட நீ வாயைத் திறந்தாய். வந்தது யாரோ ஒரு பட்டணத்துக்காரியின் மெல்லிய குரல். கூட வந்த என் மாமியார், "ஏம்மா, படம் புடிக்கறப்ப உனக்குச் சளியா?" என்று உன்னைக் கேட்டார். நீ சிரித்து மழுப்பினாய். பஸ்ஸில் என்னிடம் மட்டும், "மொகந்தான்டி என்னுது, கொரலு வாடகைக்கு" என்றாய். உன் பேச்சில் ஊர் வாசம் அடிக்கிறதாம், அதனால் டப்பிங்குக்குக் கூப்பிடவே இல்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு எத்தனை படம், எத்தனை அத்தை, எத்தனை பக்கத்து வீட்டுக்காரி. ஒன்றில்கூட உன்னைப் பேசவிடவில்லை.

தலை நரைத்த பிறகுதான் அந்தச் சீரியல் வந்தது. "என் கொரலு இல்லாட்டி நான் வரலீங்க" என்று சொல்லிவிட்டாய். கையில் வேறு வேலை இல்லாத நேரத்தில் அப்படிச் சொல்ல உனக்குத்தான் தைரியம் வரும். அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். முதல் நாள் போனில், "நானே பேசுனேன்டி" என்றாய். அவ்வளவுதான், வைத்துவிட்டாய். எங்கள் சந்தையில் கீரை விற்கிறவர்கள் உன்னைப் போலவே கூவிப் பார்த்துச் சிரித்தார்கள். அதையும் உன்னிடம் சொன்னேன். ஒரு வருஷம் நிறைவதற்குள் உடம்பு உன்னைக் கைவிட்டுவிட்டது.

சீரியலைச் சீக்கிரம் மறந்துவிடுவார்கள். சினிமாவைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். உன்னைத் தெரியாதவர்களுக்கு அந்தப் பட்டணத்துக் குரல்தான் நீ. அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறமாட்டேன் என்கிறது.

இன்று மத்தியானம் உன் முதல் படத்தைப் போட்டார்கள். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுக்கக் குறைத்தேன். "டிவி ரிப்பேரா அம்மா?" என்று உள்ளேயிருந்து மகன் கேட்டான். எங்கே மூச்சு வாங்குவாய், எந்தச் சொல்லை இழுப்பாய் என்பதெல்லாம் மேடையில் உன் பக்கத்தில் நின்றவளுக்குத் தெரியாதா? நீ வாசலுக்கு வந்து வாயைத் திறந்தாய்.

"சோறு ஆறிப்போவுது, வூட்டுக்குள்ள வா சாமி" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.