பதினைந்து கேள்விக்கு இருபத்துமூன்று நிமிஷம்

வெள்ளவத்தை
09.02.2025

அன்பின் சுபோதினிக்கு,

போனில் கதைத்தால் சண்டையில்தான் முடிகிறது, இனி எழுதுவோம் என்றீர். எழுதுகிறேன்.

ஜி.ஆர்.ஈ. சோதனை முடிவு உமக்குத் தெரியும்தானே. ஆங்கிலப் பகுதியில் நூற்று நாற்பத்தேழு. உம்முடைய கம்பஸில் இடம் கிடைக்க நூற்றைம்பத்தைந்து வேணும். ஆங்கிலம் விளங்காமல் இல்லை, நேரம்தான் போதவில்லை. கடைசி ஆறு கேள்வியை நான் கண்ணாலும் காணவில்லை. ஒரு பந்தியில், எழுதின ஆள் மேலே ஒன்று சொல்லிக் கீழே வேறொன்று சொல்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. திரும்பத் திரும்பப் பார்த்ததில் பதினொரு நிமிஷம் போய்விட்டது. பத்து வருஷமாகச் சிவபாதசுந்தரம் நொத்தாரிஸின் கந்தோரில் காணி உறுதிப் பத்திரங்களைச் சரிபார்க்கிறவனுக்கு ஒரு வரியை விட்டுவிட்டுப் போகத் தெரியாது.

ஏப்ரலில் திரும்பவும் எடுக்கிறேன். உம்முடைய புருஷன் என்று டிபென்டன்ட் விசாவில் வரச்சொல்லி மட்டும் கேட்காதேயும். அந்த விசாவில் வேலை செய்ய விடமாட்டார்கள். நீர் கம்பஸால் வரும் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஏலாது. வந்தால் நானும் படிக்கத்தான் வருவேன்.

நீர் அமெரிக்கா போய் ஆறு மாதம். கட்டிலில் உம்முடைய பக்கத்தில் காணி வரைபடங்களை அடுக்கி வைத்திருக்கிறேன். வெறுமையாகக் கிடந்தால் பார்க்க ஒருமாதிரி இருக்கிறது.

அன்புடன்,
ராகுலன்


கொலம்பஸ், ஒஹாயோ
02.03.2025

என் இஞ்சாருங்கோவுக்கு,

உங்களுடைய கடிதத்தில் ஒரு எழுத்துப்பிழை இல்லை. கோபத்தைக்கூடச் சரிபார்த்துத்தான் அனுப்பியிருக்கிறீர்கள்.

இப்ப கவனமாகக் கேளுங்கோ. இரண்டாம் பகுதியில் பதினைந்து கேள்விக்கு இருபத்துமூன்று நிமிஷம். சொல் நிரப்புகிற கேள்விகளை ஒவ்வொரு நிமிஷத்தில் முடியுங்கோ. மிச்ச நேரம் பந்திகளுக்கு. ஒரு கேள்வியில் இரண்டு நிமிஷம் தாண்டினால் ஏதாவது ஒரு விடையை அடித்து, குறி போட்டுவிட்டு அடுத்ததுக்கு நடவுங்கோ. கடைசியில் நேரம் மிஞ்சினால் திரும்பி வரலாம். பந்தியை எழுதினவர் முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னால் உங்களுக்கென்ன? அவர் காணி விற்க வரவில்லை.

பின்னேரத்தில் மரைன் டிரைவ் கடற்கரையில் போய் இருந்து, போனில் அலாரம் வைத்துப் பழகுங்கோ. வடை வாங்கிக்கொண்டு போகவேண்டாம். நீங்கள் வடையையும் ஆராய்ந்துதான் சாப்பிடுவீர்கள்.

இங்கே இன்னும் குளிர் விடவில்லை. சனிக்கிழமைகளில் உடுப்புத் தோய்க்கிற இடத்துக்கு எல்லாரும் சோடியாக வருகிறார்கள். பெட்ஷீட்டை ஆளுக்கொரு முனை பிடித்து மடிக்கிறார்கள். நான் ஒரு முனையை நாடிக்குக் கீழே இடுக்கிக்கொண்டு தனியாக மடிக்கிறேன். நீங்கள் எனக்கு வேணும் ராகுலன். படிக்க வந்தாலும் சரி, சும்மா வந்தாலும் சரி.

உங்கள்
சுபோ


வெள்ளவத்தை
06.04.2025

அன்பின் சுபோ,

நீர் சொன்னபடியே செய்கிறேன். முதல் கிழமை நரகம். குறி போட்டுவிட்டு வந்த கேள்வி, வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் என்னைக் கூப்பிட்டது. இப்ப பழகிவிட்டது. இருபத்தொரு நிமிஷத்தில் பதினைந்தையும் முடிக்கிறேன்.

ஆனால் வியாழக்கிழமை ஒரு வேலை பார்த்தேன். பாமன்கடைக் காணி ஒன்றின் உறுதியில் தெற்கு எல்லை தட்டச்சில் விடுபட்டிருந்தது. நான் அதைக் கவனிக்காமல் கையெழுத்துக்கு அனுப்பிவிட்டேன். பேனையைத் திறந்த பிறகுதான் நொத்தாரிஸ் ஐயா கண்டார். ஏசவில்லை. "ராகுலன், சுபோ சுகமா இருக்கிறாவோ?" என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால் எவ்வளவோ நல்லம். பத்து வருஷத்தில் இது முதல் பிழை. இந்த வேகத்தைக் கடற்கரையில் வைத்துவிட்டுக் கந்தோருக்குப் போக எனக்குத் தெரியவில்லை.

சோதனை இருபத்தாறாம் திகதி. இதுவும் போனால் இங்கேயும் நான் ஒழுங்கான ஆள் இல்லை, உம்மிடம் வரவும் வழியில்லை. பயமாக இருக்கிறது.

ராகுலன்


வெள்ளவத்தை
27.04.2025

சுபோ,

உம்முடைய பதில் வரமுன்னம் எழுதுகிறேன். வந்தபிறகு எழுதினால் நீர் சொல்லித்தான் செய்தேன் என்று ஆகிவிடும்.

நேற்று எல்லாக் கேள்விக்கும் விடை அடித்தேன். கடைசியில் நாலு நிமிஷம் மிஞ்சியது. குறி போட்ட மூன்று கேள்விக்கும் திரும்பிப் போயிருக்கவேணும். போகவில்லை. என்னுடைய பெண்சாதியோடு இருப்பதற்கு நான் ஏன் சோதனை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு யோசனை வந்தது. அதோடு கை ஓடவில்லை.

வேலை, படிப்பு என்று உம்மிடம் எவ்வளவோ நியாயம் கதைத்தேன். உண்மை அதில்லை. வேலையில்லாமல் வந்து நின்றால் நீர் என்னை ஒரு சொட்டுக் குறைவாகப் பார்ப்பீர் என்று பயந்தேன். நீர் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டும் பயந்தேன். அதற்காக உம்மை எட்டு மாதம் தனியே விட்டிருக்கிறேன். என்னை மன்னியும்.

நேரம் முடிந்ததும் திரையில் நூற்றைம்பத்திரண்டு என்று வந்தது. மூன்று குறைவு. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை, பசிதான் வந்தது. காலி வீதிக் கடை ஒன்றில் ஏறி வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நாளைக்கு ஐயாவிடம் வேலையை விடப்போவதாகச் சொல்கிறேன். டிபென்டன்ட் விசாவுக்கு உம்முடைய கம்பஸ் தருகிற பேப்பரை எடுத்து அனுப்பும். தூதரகத்தில் என்ன சொல்வார்களோ தெரியாது. தந்தால் அடுத்த பிளேனில் வருகிறேன். சோறு சமைத்து வைத்துவிட்டு, பின்னேரம் நீர் வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன். பின்னேரம் வந்துவிடுவீர்தானே.

உம்முடைய
ராகுலன்