ஊதா மஃப்ளர்

என் அசுந்தாவுக்கு, கார்மேலோ எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இசைமேதை வெர்தி பிறந்த வீட்டில் என் காவல் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஞாயிறு பகல் கீழ்க்கூடத்தில் அவர் பாட்டுகளின் கச்சேரி. நீ பின்னிய ஊதா மஃப்ளரோடு வாசலில் மிடுக்காக நின்றேன். பாட வந்த ஒர்னெல்லா அலறிவிட்டாள்.

“ஐயோ, ஊதா! அது போனாத்தான் பாடுவேன்!”

“யோவ் கார்மேலோ, கழட்டுய்யா!” என்றார் மேலாளர் இவானோ.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் பாதிரியார்கள் ஊதா உடுத்துவார்கள் அல்லவா? முன்பெல்லாம் அந்த நாற்பது நாளும் அரங்குகளை மூடிவிடுவார்களாம், பாடகர்களுக்குப் பட்டினி. அதனால் அந்த நிறமே அவர்களுக்கு ஆகாது. கட்டட வேலையில் சிமெண்ட் கலக்கிக் கிடந்த என் மண்டைக்கு இது எப்படித் தெரியும்? வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

கச்சேரி முடிந்ததும் ஒர்னெல்லாவே வந்து, தன் சாம்பல் நிற மஃப்ளரை என் கழுத்தில் சுற்றினாள். “கோவிச்சுக்காதீங்கண்ணே, குளிர்ல நிக்கறீங்க.” பிறகு இவானோவிடம், “இவரை வேலையை விட்டு அனுப்பிட்டீங்கன்னா, அடுத்த கச்சேரிக்கு நான் வரமாட்டேன்” என்றாள். மகராசி! முதல் தேதியிலிருந்து வேலை நிரந்தரம்.

நம்மூர் மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்பு. இங்கே எல்லாவற்றிலும் வெண்ணெய். வாசல் மணி அடிக்கிறது, ஓடுகிறேன். உன் மஃப்ளரைப் படுக்கும்போது கட்டிக்கொள்கிறேன். என் குறட்டைக்கு எந்த நிறமும் ஆகும்.

உன் கார்மேலோ